பதினேழாவது சொல்லுக்கு ஒரு வாக்கியம்

மச்சான்,

இன்று வைகாசி பதினொன்று, வியாழக்கிழமை. மணி காலை ஒன்பது ஐந்து. எதிர்ச்சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்தது என் பிழை. பெட்ரோல் புகையும் வெட்டுண்ட கொழுந்தின் பச்சை வாடையும் பனியில் ஊறி மேசைவரை வந்துவிட்டன. எழுந்து சாத்தினேன், உள்ளே வந்தது வெளியே போவதாக இல்லை. நீங்கள் போய்ப் பதினோரு மாதமும் ஏழு நாளும் ஆகின்றன. பத்தொன்பது ஆண்டுகள் உங்கள் சட்டைக்கும் என் சட்டைக்கும் பொதுவாக இருந்த வாடை இது.

மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. போன ஞாயிறு எஸ்டேட் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியை கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகளுக்கென்று ஒரு சொற்கையேடு அச்சிடுகிறார்களாம். இருபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள், அதன்கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இந்தத் தோட்டத்து மனிதர் ஒருவர் எழுதியதாக இருந்தால் பிள்ளைகள் ஆர்வமாகப் படிப்பார்கள் என்றும், எழுதியவர் பெயர் முதல் பக்கத்தில் வரும் என்றும் சொன்னார். இருபதாண்டு கோயில் செயலாளராக இருந்தவன். கேட்டால் இல்லையென்று சொல்வேனா? வருகிற திங்கள் காலை பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். பத்தொன்பது சொற்களை ஞாயிறு இரவு சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். பதினேழாவது சொல் மட்டும் நான்கு நாளாக வெற்றிடமாக நிற்கிறது.

அந்தச் சொல் அவநம்பிக்கை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இந்தத் தோட்டத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவன் நான் ஒருவன்தான் என்பதும், ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தினேன் என்பதும் உங்களுக்குத் தெரியாததா?

பொருள் எழுதுவது கடினமாக இல்லை. என்னிடமுள்ள அகராதி 'நம்பிக்கையின்மை' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. அது எனக்குப் போதவில்லை. நம்பிக்கையின்மை என்பது இன்னும் செடி வைக்காத சரிவு. புதிதாக வந்த ஒருவரை எனக்குத் தெரியாது, ஆகவே நம்பிக்கை இல்லை. அதில் யாருக்கும் காயமில்லை. அவநம்பிக்கை அப்படியன்று. வேர்விட்டு நின்ற செடியைப் பிடுங்கிப் போட்ட சரிவு அது. அங்கே முன்பு ஒன்று இருந்தது என்பதைக் குழிகளே சொல்லும். சந்தேகம் என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகம் ஒரு செய்தியின்மேல் வருவது. அது கேள்வி கேட்கும். விடை கிடைத்தால் எழுந்து போய்விடும். அவநம்பிக்கை ஓர் ஆளின்மேல் வருவது. அது கேட்பதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் பொருள் பகுதிக்கு. வாக்கியம்தான் வரவில்லை. 'மக்கள் பொய்யரிடம் அவநம்பிக்கை கொள்வர்' என்று எழுதி அடித்தேன். 'அவநம்பிக்கை நட்பைக் கெடுக்கும்' என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டும் பிழையில்லாத வாக்கியங்கள். எழுதும்போதே என் இடக்கை விரல்கள் என்னைப் பார்த்தன. நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு நின்றுபோன கை அது. அதை மேசைக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆகவே முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் வாக்கியம் வரக்கூடும்.

நம் இயந்திரத்தின் வாகு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் வழக்கப்படி முதலிலிருந்தே சொல்கிறேன். தேயிலை நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடியின் தலைமேல் குறுக்கே கிடக்கும் வெட்டுவாய், முடிதிருத்துபவரின் கத்தரியை ஆறடிக்கு நீட்டியதுபோல. வெட்டுப்பட்ட கொழுந்து காற்றில் அடித்துக்கொண்டு பின்னால் நீளும் பைக்குள் போகும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் ஒருவர் வருவார். இயந்திரத்தின் எஞ்சின் ஒரு முனையில்தான். அதை ஓட்டும் லீவரும் அந்த முனையில்தான். அந்த முனை உங்களுடையது. மறுமுனையில் எனக்கு இருந்தது வெறும் கைப்பிடி. வெட்டுவாய் எப்போது அசையும், எப்போது நிற்கும் என்பதை முடிவு செய்வது உங்கள் விரல்; பற்களுக்கு இடையில் முற்றிய குச்சி சிக்கினால் உருவி எடுப்பது என் விரல்.

எஞ்சினை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவரும் நிறுத்துவதில்லை. மறுபடி கயிறு இழுத்துக் கிளப்புவதற்குள் அடுத்த ஜோடி பத்தடி முன்னே போய்விடும். லீவரைத் தளர்த்தினால் எஞ்சின் முனகிக்கொண்டிருக்கும், வெட்டுவாய் நின்றுவிடும். அது போதும் என்பதே எல்லாருடைய வழக்கமும். நமக்குள் இரண்டு சொற்கள் இருந்தன. நீங்கள் லீவரைத் தளர்த்திவிட்டு "விட்டேன்" என்பீர்கள். நான் கையை உள்ளே விட்டுக் குச்சியை எடுத்துவிட்டு "ஆச்சு" என்பேன். பிறகு நீங்கள் லீவரை அழுத்துவீர்கள். பத்தொன்பது ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட உங்கள் முனையைப் பார்த்ததில்லை. விட்டேன் என்ற சத்தம் காதில் விழும்போதே என் கை உள்ளே போயிருக்கும். என் தங்கையை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த அன்றுகூட நான் அவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. உங்கள் ஊர் உறவெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தோம்.

ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள், வியாழன். வருகிற ஆடியோடு பதினோரு ஆண்டு நிறையும். இன்றைக்கு இரண்டு மாதம் குறைவு. விடியற்காலை மழை பெய்து சரிவு வழுக்கலாக இருந்தது. நீங்கள் மேல்பக்கம், நான் கீழ்ப்பக்கம். பைக்குப் பின்னால் பகதூர். நேபாளத்திலிருந்து வந்து ஐந்து மாதமே ஆனவன். தமிழில் அவனுக்கு அன்று தெரிந்தது பத்துச் சொற்கள் இருக்கும். அவற்றில் இரண்டு நம்முடைய இரண்டும். குச்சி சிக்கியது. நீங்கள் "விட்டேன்" என்றீர்கள். மணி பத்து இருபது. கைக்கடிகாரம் என் கண்ணுக்கு நேராக இருந்ததால் அதை அறிவேன். அடுத்ததாக நான் அறிந்தது வெட்டுவாய் அசைந்தது. அதற்கடுத்து, பச்சை இலைமேல் என் இரத்தம்.

மருத்துவமனையில் கட்டுப்போட்டு வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நீங்கள் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையைத் தொடாமல் அதன் நிழலைத் தொடுவதுபோல் உங்கள் கையை நீட்டி வைத்திருந்தீர்கள். அப்போது ஒருமுறை சொன்னீர்கள்.

"நீங்க ஆச்சுன்னு சொன்னீங்க மச்சான்."

"சொல்லல."

"சொன்னீங்க. நான் கேட்டுட்டுத்தான் புடிச்சேன்."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. மணி பத்து இருபது. நான் சொல்லல."

மணியையும் நாளையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்பவனிடம் எந்த மனிதன் வழக்காட முடியும்? எனக்கும் அதுவேதான் ஆதாரமாக இருந்தது. தோட்டத்துத் திருமணம் எது, சாவு எது, கோயில் கொடியேற்றம் எது, எல்லாவற்றுக்கும் நாள் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். அத்தனை நாளையும் தவறாமல் வைத்திருந்த நினைவு இதிலா தவறும்? சொல்லவில்லை என்று நான் பொய் சொல்லவில்லை, மச்சான். முழு மனத்தோடு நம்பினேன். நம்பிக்கை முழுவதும் என்மீது போய்விட்டது; உங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். நம்மையே மறுபடியும் ஜோடி போட்டார்கள். முதல் நாள் முதல் குச்சி. நீங்கள் "விட்டேன்" என்றீர்கள். என் கை போகவில்லை. தலையைத் திருப்பி உங்கள் முனையைப் பார்த்தேன். லீவர் தளர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கையை விட்டேன். இரண்டாவது குச்சிக்கும் அப்படியே. அன்று மாலைவரை அப்படியே. நிரை முடிந்து இயந்திரத்தை இறக்கி வைத்தபோது, பகதூருக்குக் கேட்காத குரலில் நீங்கள் சொன்னதை இன்றும் உங்கள் குரலிலேயே வைத்திருக்கிறேன்.

"கைய வைக்கறதுக்கு முன்னால என் மூஞ்சியப் பாத்திருந்தா பரவால்ல மச்சான். நீங்க லீவரப் பாத்தீங்க."

பன்னிரண்டு நாள் அப்படியே லீவரைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தோம். பதின்மூன்றாம் நாள் நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். கையால் காட்டாத சினத்தையெல்லாம் எழுத்தில் காட்டுபவன் நான். கங்காணியிடம் போய் வேறு ஆள் போடுங்கள் என்று வாயால் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் கோடிட்ட தாள் எடுத்து, நாள் இட்டு, தோட்ட நிர்வாகியான துரைக்கு முறைப்படி எழுதினேன். 'என் கூட்டாளியின்மீது எனக்குச் சந்தேகம் உள்ளது' என்றுதான் முதலில் எழுதினேன். அந்தச் சொல் எனக்குச் சின்னதாகப் பட்டது. கடைக்காரரும் பயன்படுத்துகிற சொல். அடித்துவிட்டு, 'அவநம்பிக்கை ஏற்பட்டுள்ளது' என்று எழுதி, நகல் எடுத்து, படித்துப் பார்த்து மகிழ்ந்தும் இருப்பேன். மகிழ்ந்தேன் என்றே எழுத வேண்டும். மகிழ்ந்தேன்.

மறுநாள் காலை ஆறேகால். பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்றிருந்தோம், அன்றைய வேலைக்கு ஆள் பிரிப்பதற்காக. துரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். தமிழ் அறியாதவர், தாளைக் கங்காணியிடம் கொடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கங்காணி நல்ல மனிதர்தான், ஆனால் மனத்துக்குள் படிக்கத் தெரியாதவர். எழுத்துக் கூட்டி, சத்தமாக, களம் முழுதும் கேட்கும்படி படித்தார். அந்தச் சொல் வந்ததும் நின்றார். மறுபடி கூட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "அப்டின்னா என்னாலா?"

கங்காணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே ஒரு முடிவுக்கு வந்து, துரையிடம் மலாயில் சொன்னார்: "தா பெர்ச்சாயா, துவான்." நம்பவில்லையாம், அவ்வளவுதான். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இவரு அவர நம்ப மாட்டாராம்."

"அப்ப அந்தக் கைவெட்டிகூட இனிமே யாரு ஜோடி?" என்றது அதே குரல். சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட முன்னே வரவில்லை.

உங்கள் கையில் அப்போது இயந்திரத்தின் எஞ்சின் முனை இருந்தது. அதைத் தரையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். மறுமுனை மண்ணில் கிடந்தது. அன்றே உங்களை வெட்டிலிருந்து எடுத்துத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தீர்கள். உங்கள் பெயரும் அன்றோடு போயிற்று. 'கைவெட்டி'. பிரிஞ்சாங் டவுனிலிருந்து சமையல் கேஸ் தோம்பு கொண்டுவருபவர் இன்றைக்கும் நம் லயத்து வீட்டு வரிசையில் நின்று, "கைவெட்டி வீடு எதுங்க?" என்றுதான் கேட்கிறார். அவர் வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. உங்களைப் பார்த்தே இருக்கமாட்டார். என் தங்கை வெளியே வந்து, இங்கதான் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறாள். ஆறு வீடு தள்ளி என் வாசலில் நின்று நான் அதைக் கேட்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு உங்கள் கண் மங்கியது. இன்சுலின் பேனாவில் எண் வைக்க உங்களாலும் முடியவில்லை, என் தங்கைக்கும் அந்தச் சின்ன எழுத்துத் தெரியவில்லை. மகன் ஈப்போவில். அவள் வந்து என்னிடம் கேட்டாள். மாலை ஆறு நாற்பதுக்கு வருகிறேன் என்றேன். அதுவரை கல்யாணம் கருமாதி என்று பொது இடங்களில் பேசுவதோடு சரி; நம் இருவருக்குள் தனியாகப் பேச்சு இல்லை. முதல் நாள் பேனாவில் பதினாறு வைத்து, என் இயல்புப்படி உங்கள் முகத்தருகே நீட்டி, எண் சரிதானா பாருங்கள் என்றேன். நீங்கள் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிவிட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"எதுக்கு? நான் லீவரப் பாக்கற ஆளு இல்ல."

ஊசி போட்டேன். மறுநாளும் நீங்கள் சன்னலைத்தான் பார்த்தீர்கள். அதிகமாக வைத்தால் ஆளையே கொன்றுவிடும் மருந்து அது. ஒருநாளும் எண் கேட்டதில்லை. சுமார் இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு மாலையும், உங்கள் உடம்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் போவதற்கு முந்தைய மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, பிற்பகல் நான்கு. பகதூர் என் வீட்டு வாசலில் நின்றான். பர்மிட் பத்தாண்டு முடிந்து ஊருக்குப் போகிறான். கடைசிச் சில ஆண்டுகள் திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் இருந்தானாம். அங்கே பழகிய தமிழ், பேச்சு நன்றாகவே வந்தது. தேநீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க ஆச்சு சொன்னீங்க," என்றான். "குச்சி எடுத்தீங்க, வீசினீங்க, ஆச்சு சொன்னீங்க. அப்புறம் இன்னொரு குச்சி, சின்னது, இவ்ளோதான். அதுக்கு மறுபடி கை உள்ளே. நான் பின்னால பார்த்தேன். யாரும் என்கிட்ட கேக்கல. நான் புதுசு, பயம்."

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினான், அந்தக் குச்சியின் அளவுக்கு.

அவன் காட்டியதும் அது எனக்குத் தெரிந்தது, மச்சான். நினைவு வந்தது என்று சொல்வது சரியன்று. அது அங்கேயே இருந்தது, நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். பழுப்புத் தோல் உரிந்த குச்சி. பற்களின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதோடு வெட்டினாலும் வெட்டியிருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு குச்சி மிச்சம் இருப்பதை, ஒரு கோடு கோணுவதை, ஒரு நாள் தவறுவதைப் பொறுக்காத என் குணம், ஆச்சு என்று சொன்ன வாய் மூடுவதற்குள் கையை மறுபடி உள்ளே அனுப்பியிருக்கிறது.

அன்று மாலை ஆறு நாற்பதுக்கு வந்தேன். சொல்லவில்லை. மறுநாள் வந்தேன். சொல்லவில்லை. நான்கு மாதம், ஒவ்வொரு மாலையும், ஆறு வீடு கடந்து வரும்போது வாக்கியத்தை அமைத்துக்கொண்டே வருவேன். உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது கலைந்துவிடும். ஒருநாள் இரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டது. "என்னா மச்சான், சூரியனே லேட்டா எறங்குது," என்று கிண்டல் செய்தீர்கள். நான் மழை என்றேன். மழையே பெய்யவில்லை. ஊசி போட்டு முடித்துப் பேனாவை மூடும்போது, சன்னலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "வேற ஏதும் சொல்லணுமா?" ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது அதையே கேட்டீர்கள். ஆனி மூன்றாம் நாள் மாலையிலும் கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். நான்காம் நாள் விடியும் முன் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

இதோ, வாக்கியம் வந்துவிட்டது. எழுதிவிட்டேன்: 'என் மச்சான் பிழை செய்யாதிருந்தும் நான் அவர்மீது அவநம்பிக்கை கொண்டேன்.' பள்ளிக்குக் கொடுக்குமுன் என் தங்கையிடம் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு எனக்கு இன்று தைரியமில்லை. இங்கே நிறுத்துகிறேன்.

திங்கட்கிழமை, காலை எட்டு இருபத்தைந்து.

நேற்று மாலை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் தலைத்திவசத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவள் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தாள். தாளை எடுத்துப் படித்தேன். பிறகு பகதூர் வந்ததையும் அவன் சொன்னதையும் நான் நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவள் எழுதுகோலை வைக்கவில்லை.

"பகதூர் முதல்ல இங்கதான்ணே வந்தான்," என்றாள். "இவருகிட்ட சொன்னான். இவருதான் அவன உங்க வீட்டுக்கு அனுப்புனாரு. எங்கிட்ட சொன்னத அவருகிட்ட போயி சொல்லு, அவருக்குத்தான் தெரியணும்னாரு."

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நீங்கள் உட்காரும் நாற்காலி மட்டுமே பக்கத்தில் இருந்தது. நின்றேன்.

"நான் கேக்கவான்னு எத்தன தடவ கேட்டேன் தெரியுமா? வேணாம்னுட்டாரு. அவரே சொல்லுவாரு, தேதி போட்டு மணி போட்டு சொல்லுவாரு பாருன்னு சிரிப்பாரு. நீங்க ஊசி போட்டுட்டுப் போனதும், 'இன்னிக்கும் இல்ல'ம்பாரு. அவ்ளோதான்."

நான்கு மாதம். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சட்டையைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் சொல்வேன் என்று இருந்திருக்கிறீர்கள். என் கையை மட்டும்தான் நம்பினீர்கள் என்று நினைத்தேன். என் வாயையும் நம்பியிருந்தீர்கள். அதில்தான் ஏமாந்தீர்கள்.

மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்லப் போனேன். அவள் கை காட்டி நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்குப் பெரட்டுல சத்தமாத்தான படிச்சாங்க?" என்றாள். "வெளிய போயி படிங்க."

ஞாயிறு மாலை. வாசலில் பிள்ளைகள், துணி எடுக்கும் பெண்கள், மோட்டார் சைக்கிள் கழுவும் இளைஞர்கள், எதிர்வரிசையில் பெரட்டில் அன்று சிரித்தவர்களில் இரண்டு கிழவர்கள். லயத்தின் நடுவில் போய் நின்றேன். என் குரல் கோயில் கூட்டத்துக்குப் பழகிய குரல். லயம் முழுதும் கேட்கப் படித்தேன். தாளில் இருந்ததோடு நிற்காமல் நாளையும் மணியையும் சேர்த்தே சொன்னேன். எதிர்வரிசைக் கிழவர்களில் ஒருவர் எழுந்து உள்ளே போனார். மோட்டார் கழுவியவன் குழாயை மூடினான். திரும்பிப் பார்த்தேன், என் தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் படித்து முடித்ததும் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

ஒரே வாசிப்பில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே வாசிப்பில் உரிந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. கேஸ் தோம்புக்காரர் வியாழக்கிழமை வருவார். அவர் என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். கைவெட்டி என்றால், இறங்கிப் போய் அவருக்கும் சொல்வேன்.

காலை ஏழரைக்கு வாக்கியத்தைத் திருத்தி ஆசிரியைக்கு அனுப்பினேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள், வியாழன், காலை பத்து இருபதுக்கு, ஆச்சு என்று சொல்லிவிட்டுக் கையை மறுபடி உள்ளே விட்டவன் நான், அதை மறந்து, பிழையில்லாத என் மச்சான்மீது அவநம்பிக்கை கொண்டேன்.'

எட்டு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, வாக்கியம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நீளம். 'ஆடி மாதம்' தொடங்கி 'பத்து இருபது' வரைக்கும் எடுத்துடலாமா? பொருள் மாறாது." எடுக்க வேண்டாம் என்றேன். ஒருவர் அதற்காகக் காத்திருந்தார் என்றேன். சரி ஐயா, அப்படியே போடுகிறோம் என்றார்.

இன்று சன்னலைச் சாத்தவில்லை. எதிர்ச்சரிவில் பனி விலகி, இயந்திரத்தோடு மூவர் நிரையேறுவது தெரிகிறது. பங்களாதேசிப் பையன்கள், நம் இரண்டு சொற்களும் அவர்களிடம் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. இப்போது குச்சி சிக்கியிருக்க வேண்டும், ஓசை முனகலாக இறங்கிவிட்டது. "விட்டேன்" என்கிறான் ஒருவன். நான் எழுதுவதை நிறுத்திக் காத்திருக்கிறேன். "ஆச்சு" என்கிறான் மற்றவன்.

அந்தச் சொல் கேட்டதும் என் இடக்கை தானாக மேசையிலிருந்து விலகி மடிக்கு வந்துவிட்டது, மச்சான். அன்றே விலகியிருக்க வேண்டிய கை; பதினோரு ஆண்டுக்கு இரண்டு மாதம் குறைவான தாமதம்.